ஏழு வருடமாக ஒரே எக்செல் கோப்பு: தொங்கியதும் தேறியதும்

ஏழு வருடமாக ஒரே எக்செல் கோப்போடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன். சரக்கு வரவு, வெளியேற்றம், இருப்பு எல்லாம் அதில்தான். ஆரம்பித்தபோது நானூறு வரிசை. மூன்றாம் வருட முடிவில் 41 ஆயிரம் வரிசை, 68 எம்பி. திறக்க நாலு நிமிடம். ஒரு செல்லில் எண்ணைத் தட்டி என்டர் அடித்தால் கர்சர் சுற்ற ஆரம்பிக்கும், மேலே ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும், திரை வெளுத்துப்போகும். ஒரு மாதக் கடைசியில் இரண்டு மணி நேர வேலையை அப்படியே விழுங்கிவிட்டு மூடிக்கொண்டது. இப்போது அதே கணக்கில் ஒரு லட்சத்துக்கு மேல் வரிசைகள் இருக்கின்றன, கடைசியாக எப்போது தொங்கியது என்று யோசித்துத்தான் சொல்ல வேண்டும். நடுவில் என்னென்ன செய்தேன், எது வீண் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் செய்தது வீண். எல்லோரையும் போல நானும் கம்ப்யூட்டரைத்தான் திட்டினேன். எட்டு ஜிபி ரேமைப் பதினாறாக்கினேன். ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம்தான் தெரிந்தது, நான் வைத்திருந்தது 32 பிட் எக்செல். விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் 32 பிட் நிரலால் அதிகபட்சம் 4 ஜிபிக்குள்தான் புழங்க முடியும். பழைய பதிப்புகளில் அது 2 ஜிபிதான். ரேமை எவ்வளவு ஏற்றினாலும் அது தொடவே தொடாது. ஃபைல் மெனுவில் அக்கவுண்ட், அதற்குள் ‘அபவுட் எக்செல்’ என்று போனால் எத்தனை பிட் என்று முதல் வரியிலேயே இருக்கும். ரேமுக்குச் செலவழிக்கும் முன் அதைப் பாருங்கள். 64 பிட்டுக்கு மாறியதும் நினைவகம் போதவில்லை என்ற செய்தி நின்றது. ஆனால் பழைய ஆட்-இன் (எக்செலோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரல்) ஒன்று வேலை செய்யவில்லை, வேலைகளைத் தானாகச் செய்ய எழுதிவைத்த மேக்ரோவில் சில வரிகளைத் திருத்த வேண்டியிருந்தது.

செய்தி நின்றது, மந்தம் போகவில்லை. ஒரு ஷீட்டில் 10,48,576 வரிசைக்கு இடம் இருக்கும்போது 41 ஆயிரத்துக்கு ஏன் இந்தத் திணறல்? கன்ட்ரோலையும் எண்ட் விசையையும் சேர்த்து அழுத்தினேன். எக்செல் எதைக் கடைசி செல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறதோ அங்கே போய் நிற்கும் அது. என் தரவு 41 ஆயிரத்தில் முடிகிறது. கர்சர் போய் நின்றதோ ஷீட்டின் அடிமட்டத்தில், 10,48,576வது வரிசையில். என்றோ ஒருநாள் தரவிலிருந்து ஷீட்டின் அடிவரை செல்களைத் தேர்ந்தெடுத்துக் கட்டம் போட்டிருக்கிறேன், நிறம் பூசியிருக்கிறேன். ஒன்றுமே எழுதாத செல்களுக்கும் அலங்காரம் செய்து, அத்தனையையும் கோப்பு தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறது.

சரிசெய்வது சுலபம், ஒரு சின்ன சூட்சுமம் மட்டும் உண்டு. தரவுக்குக் கீழே உள்ள வரிசைகளை எண்களின் மேல் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து ‘டெலிட்’ கொடுக்க வேண்டும். விசைப்பலகையில் உள்ள டெலிட் விசை உள்ளடக்கத்தை மட்டும்தான் அழிக்கும், அலங்காரம் அப்படியே இருக்கும். பிறகு சேவ் செய்து, மூடித் திறந்து, மறுபடி கன்ட்ரோல்-எண்ட் பார்க்க வேண்டும். வலப்பக்கத்து நெடுவரிசைகளுக்கும் இதே வைத்தியம். 68 எம்பி 23 எம்பிக்கு இறங்கியது. மூன்று வருடமாகக் குப்பையைச் சேமித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று தெரிந்தபோது சந்தோஷத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

அடுத்தது ‘கண்டிஷனல் ஃபார்மேட்டிங்’, அதாவது செல்லில் இருப்பதைப் பொறுத்து நிறத்தைத் தானாக மாற்றும் விதிகள். இருப்பு குறைந்தால் சிவப்பு, காலாவதி நெருங்கினால் மஞ்சள் என்று நான் போட்டது மூன்றே விதிகள். ‘மேனேஜ் ரூல்ஸ்’ திறந்து, ‘திஸ் ஒர்க்‌ஷீட்’ என்று மாற்றிப் பார்த்தால் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருக்கிறது, நூற்றுக்கணக்கில். ஒரு வரிசையை நகலெடுத்து இன்னொரு இடத்தில் ஒட்டும்போது விதியும் கூடவே ஒட்டிக்கொண்டு, பழைய விதியின் எல்லையைத் துண்டு துண்டாக வெட்டியிருக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மூன்றையும் முழு எல்லைக்கும் புதிதாகப் போட்டேன். அன்றிலிருந்து எதை ஒட்டினாலும் ‘பேஸ்ட் வேல்யூஸ்’ மட்டும்தான்: மதிப்பு மட்டும் ஒட்டும், விதி கூட வராது. கோப்பு இவ்வளவு காலம் ஆரோக்கியமாக இருப்பதற்கு இந்த ஒரு பழக்கம்தான் பாதிக் காரணம் என்பேன்.

ஃபார்முலா பக்கம் வருவோம். சரக்கு வந்து எத்தனை நாளாகிறது என்று கணக்கிட ஒவ்வொரு வரிசையிலும் ‘டுடே’ ஃபங்ஷன் வைத்திருந்தேன். டுடே, நௌ, ராண்ட், ஆஃப்செட், இன்டைரக்ட் எல்லாம் ஒரே ஜாதி: ஷீட்டில் எங்கே எதைத் தொட்டாலும் மறுபடி கணக்குப் போடும். சரி, டுடேயை ஒரே ஒரு செல்லில் வைத்து மற்ற வரிசைகளை அதைப் பார்க்கச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை. அந்த ஒரு செல் ஒவ்வொரு முறையும் கணக்கிடப்படும்போது, அதை நம்பியிருக்கும் 41 ஆயிரம் செல்களும் கூடவே கணக்கிடப்படுகின்றன. இப்போது காலையில் கோப்பைத் திறந்ததும் கன்ட்ரோலையும் அரைப்புள்ளி விசையையும் அழுத்தித் தேதியை நானே வைத்துவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை கணக்கு ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஒரு குறியீட்டைப் பட்டியலில் தேடி அதற்கான விவரத்தைக் கொண்டுவரும் ‘விலுக்அப்’ ஃபங்ஷனுக்குக் கெட்ட பேர் உண்டு. புதிய பதிப்புகளில் அது முன்பு போல அவ்வளவு மந்தமில்லை. ஒரே பட்டியலில் திரும்பத் திரும்பத் தேடினால் எக்செல் உள்ளுக்குள் ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது. ஆனாலும் ஒரே பொருள் குறியீட்டுக்குப் பெயர், அலகு, விலை, வகை என்று ஆறு முறை தேடுவது எனக்கு ஒப்பவில்லை. ஒரு நெடுவரிசையில் ‘மேட்ச்’ போட்டு அது எத்தனையாவது வரிசை என்று வாங்கிக்கொண்டு, மற்ற ஆறையும் ‘இண்டெக்ஸ்’ மூலம் எடுக்கிறேன். கோப்பை ஆறு வருடம் கழித்துத் திறந்தாலும் எங்கே தேடல் நடக்கிறது என்று பளிச்சென்று தெரியும், அது உபரி லாபம்.

கணக்கை ‘மேனுவல்’ ஆக்கி, வேண்டும்போது எஃப்9 அழுத்தினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். நானும் எட்டு மாதம் அப்படி வைத்திருந்தேன். ஒருநாள் அவசரத்தில் எஃப்9 அழுத்தாமல் மொத்தத்தை நகலெடுத்து மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பிவிட்டேன். முந்தைய நாள் இருப்பு. அதோடு போகவில்லை. முதலில் திறக்கும் கோப்பின் கணக்கு முறையைத்தான் அதற்குப் பின் திறப்பவையும் பின்பற்றும் என்பதால், பக்கத்து இருக்கைக்காரர் கொடுத்த சம்பந்தமில்லாத கோப்பும் மேனுவலில் சேவ் ஆகி, அவர் ஒரு வாரம் குழம்பினார். ஏராளமாக ஒட்டும் வேலை இருக்கும்போது பத்து நிமிடத்துக்கு மேனுவல், முடிந்ததும் ஆட்டோமேட்டிக். நிரந்தரமாக வேண்டவே வேண்டாம்.

எக்ஸ்எல்எஸ்பி என்ற பைனரி வடிவத்தில் சேமித்துப் பார்த்தேன். 23 எம்பி 11 ஆனது, திறப்பதும் சேவ் செய்வதும் கண்கூடாக வேகம். வேறு மென்பொருள்கள் சில அதைப் படிக்கத் திணறுகின்றன, எனவே வெளியே அனுப்பும்போது மட்டும் வழக்கமான எக்ஸ்எல்எஸ்எக்ஸ் வடிவம். எது செய்தாலும் பழைய எக்ஸ்எல்எஸ் பக்கம் போகாதீர்கள். அதில் 65,536 வரிசைதான். 2020ல் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றுகள் அன்றாடக் கணக்கில் விடுபட்டதற்கு அந்தப் பழைய வடிவத்தின் எல்லைதான் காரணம்.

ஐந்தாம் வருடம் செய்ததுதான் பெரிய மாற்றம். வருடா வருடம் தரவைத் தனித்தனிக் கோப்பாகப் பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டேன். எக்செலுக்குள்ளேயே இருக்கும் ‘பவர் குவெரி’ என்ற கருவி அந்த ஃபோல்டரைப் படித்து, ஷீட்டில் கொட்டாமல் ‘டேட்டா மாடல்’ என்ற உள் சேமிப்பில் வைத்துக்கொள்கிறது. தரவைத் தொகுத்துக் காட்டும் பிவட் அட்டவணை அதிலிருந்து வருகிறது. அறிக்கைக் கோப்பு இலகுவாகிவிட்டது. ஆனால் காத்திருப்பு ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது: முன்பு ஒவ்வொரு என்டருக்கும் காத்திருந்தேன், இப்போது காலையில் ஒரு ‘ரெஃப்ரெஷ்’ கொடுத்துவிட்டு ஒன்றரை நிமிடம் காத்திருக்கிறேன். எனக்கு இது சம்மதம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு முறை தொடர்ந்து தொங்கியது. கன்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டே எக்செலைத் திறந்தால் ‘சேஃப் மோட்’ கேட்கும், ஆட்-இன்கள் இல்லாமல் திறக்கும். அப்படித் திறந்தால் சமர்த்தாக ஓடியது. ஆட்-இன்களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எதற்கோ எப்போதோ போட்டிருந்த ஒன்றைத் தூக்கி எறிந்தேன்.

தீராத தலைவலி ஒன்று பாக்கி இருந்தது. ஃபில்டர் போட்டு, ரத்தான பதிவுகளைத் தேர்ந்தெடுத்து அழித்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிய ஆயிரக்கணக்கான துண்டுகளை அழிக்க எக்செல் பல நிமிடம் முழி பிதுங்கும். போன வருடம்தான் வழி பிடிபட்டது: ஓரத்தில் வரிசை எண் ஒன்று போட்டுக்கொண்டு, ரத்து நெடுவரிசையின்படி வரிசைப்படுத்தினால் எல்லாம் ஒரே கட்டாக ஒன்றாய்ச் சேரும், ஒரே வெட்டில் நொடியில் போய்விடும், பிறகு வரிசை எண்ணின்படி திரும்ப அடுக்கிக்கொள்ளலாம்.