எஸ்கியூஎல் பயிற்சிக்குப் பணம் கட்டுமுன் மாதக் கடைசி நாளைப் பற்றிக் கேளுங்கள்

மொத்த மருந்து விற்பனை நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். பில்லிங் மென்பொருளின் தரவுத்தளத்திலிருந்து அறிக்கைகளை நானே எடுக்கப் பழக வேண்டும் என்பதற்காக, தரவுத்தளத்திலிருந்து வேண்டிய தகவலைக் கேட்டு எடுக்கும் மொழியான எஸ்கியூஎல்லையும் எக்செல் தேதிச் சூத்திரங்களையும் எட்டு வார இறுதிகளில் கற்றுத் தந்து, அதன் பிறகு ஆறு மாதம் வரை சந்தேகங்களுக்கு உதவுவதாக விளம்பரம் செய்திருந்த ஓர் இணையவழிப் பயிற்சியில் 7,500 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். பணம் போனதைவிட, அங்கே தவறாகக் கற்ற ஒரே ஒரு வரியால் அலுவலகத்தில் நேர்ந்த சேதமே இதை எழுத வைக்கிறது.

ஒரு மாத விற்பனையை எடுக்க, பில் தேதி ‘பிட்வீன்’ ஜனவரி 1 ‘அண்ட்’ ஜனவரி 31 (இந்த இரண்டு தேதிகளுக்குள்) என்ற வகையில் நிபந்தனை கொடுத்தால் போதும் என்று பயிற்றுநர் சொன்னார். அவர் தந்த மாதிரி அட்டவணையில் தேதி மட்டுமே இருந்ததால் விடை சரியாகவே வந்தது. எங்கள் அட்டவணையிலோ தேதியோடு பில் போட்ட நேரமும் பதிவாகிறது. நேரம் குறிப்பிடாமல் 31 என்று எழுதினால் தரவுத்தளம் அதை அன்றைய நாள் தொடங்கும் நள்ளிரவு 00:00 மணியாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே 31-ஆம் தேதி காலை 9:40-க்குப் போட்ட முதல் பில்லிலிருந்து இரவு போட்ட கடைசி பில் வரை ஒன்றுகூட அறிக்கையில் வரவில்லை. பிழைச் செய்தியும் காட்டாது என்பதால் புதிதாகக் கற்பவருக்குச் சந்தேகமே எழாது. ஜனவரி 1 அல்லது அதற்குப் பிறகு, ஆனால் பிப்ரவரி 1-க்கு முன்பு என்று இரண்டு நிபந்தனைகளாக எழுதியிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.

2025 ஜனவரிக்கான ஜிஎஸ்டிஆர்-1 என்ற ஜிஎஸ்டி விற்பனை விவரப் படிவத்தைத் தாக்கல் செய்யப் பிப்ரவரி 11 கடைசி நாள். முந்தைய நாள் மாலை ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து, பில் எண்கள் 30-ஆம் தேதியோடு ஏன் நின்றுவிட்டன என்று கேட்டார்கள். முதலாளியின் முன்னால் எனக்கு வாயே எழவில்லை.

பயிற்சியின் வாட்ஸ்அப் குழுவில் இதைக் கேட்டபோது, உங்கள் டேட்டாவில்தான் கோளாறு என்று பதில் வந்தது. மறுபடியும் கேட்டேன், குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். வகுப்புகள் முடிந்துவிட்டதால் பணத்தைத் திருப்பித் தர முடியாது என்றும் சொல்லிவிட்டார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

வயதைக் கணக்கிட, நாட்களின் எண்ணிக்கையை 365-ஆல் வகுக்கவும் அதே வகுப்பில்தான் கற்றுத் தந்தார்கள். அப்படிச் செய்தால் லீப் நாட்கள் சேர்ந்து, ஓர் ஊழியருக்கு 58 வயது நிறைவடையும் நாள் ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகவே வந்து நிற்கும். எக்செல்லில் தேதியோடு மாதங்களைக் கூட்டும் ‘ஈடேட்’ சூத்திரத்தில் பிறந்த தேதியோடு 696 மாதங்களைக் கூட்டினால் சரியான நாள் கிடைத்துவிடும்.

எந்தப் பயிற்சியிலும் சேருமுன், தேதியோடு நேரமும் உள்ள அட்டவணையில் மாத அறிக்கையை எப்படி எடுப்பது என்று கேளுங்கள். மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே இப்படிக் கற்றவர்கள் தங்கள் பழைய அறிக்கைகளில் கடைசி நாள் பில்கள் இருக்கின்றனவா என்று இன்றே பாருங்கள். நான் திருப்பிப் பார்த்தபோது, விற்பனைப் பிரதிநிதிகளின் ஊக்கத்தொகைக்காக எடுத்த டிசம்பர் அறிக்கையிலும் 31-ஆம் தேதி இல்லை.