மூன்று முள் பிளக்கில் எர்த் ஒயரே இல்லை: ஹீட்டர் ராடு வாங்குவோர் கவனத்துக்கு

மார்கழிக் குளிருக்காக அம்மாவுக்கு ஹீட்டர் ராடு ஒன்றை வேலூர் லாங்கு பஜார் பக்கத்துக் கடையில் வாங்கினேன். ஐ.எஸ்.ஐ. உண்டா என்று கேட்டேன். கடைக்காரர் பெட்டியில் இருந்த முத்திரையைத் தட்டிக் காட்டினார். பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டுதான் கிடைத்தது.

சில நாட்களிலேயே, ராடு போட்டிருந்த எவர்சில்வர் அண்டாவின் விளிம்பில் கை வைத்த அம்மாவை ஷாக் தூக்கியடித்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது. சுவரில் மோதி முழங்கை வீங்கியதோடு பிழைத்தார். எழுபதைத் தாண்டியவர். நினைத்தாலே எனக்கு இன்னும் வயிறு கலங்குகிறது.

காட்பாடியிலிருந்து வந்த எலக்ட்ரீஷியன் பிளக்கின் திருகைக் கழற்றிக் காட்டினார். எர்த்துக்கான பெரிய முள்ளில் எந்த ஒயரும் இல்லை. ஒயரை நறுக்கிப் பார்த்தால் சிவப்பு, கறுப்பு இரண்டுதான், பச்சை கிடையாது. ராடின் குழாய்க்குள் சூடாகும் சுருளைச் சுற்றி வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். எங்கள் போர் தண்ணீரின் உப்பு படிந்து குழாயில் மயிரிழை விரிசல் விட்டாலே போதும், ஈரம் ஏறி மின்சாரம் தண்ணீருக்கு வந்துவிடும். அந்த நேரத்தில், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கடத்தி உயிரைக் காப்பது எர்த் ஒயர்தான். அதையே திருடியிருக்கிறார்கள்.

கடையில் கேட்டால், "தண்ணீரில் நனைந்த பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்கிறார். தண்ணீரில் போடுவதற்கென்றே விற்ற பொருளுக்கு இப்படி ஒரு பதிலா?

2003ஆம் ஆண்டு தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் ராடு விற்பதே குற்றம். உண்மையான முத்திரையின் மேல் ஐ.எஸ். 368 என்ற தர எண்ணும், கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். எனக்குத் தந்த பெட்டியில் வெறும் முத்திரைப் படம்தான். எண் இருந்தாலும், இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பாருங்கள்; நிறுவனத்தின் பெயர் பொருந்த வேண்டும். பிளக்கைத் திறக்க முடியாவிட்டால், எர்த் முள்ளுக்கும் ராடின் உலோகத்துக்கும் தொடர்பு இருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். மின்கசிவு ஏற்பட்டால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யை வீட்டில் போட்டுவிடுவது இன்னும் நல்லது. நாங்கள் போட்டுவிட்டோம்.

ஜிபேயில் பணம் கட்டிய விவரத்தை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். கடைக்காரர் இறங்கி வராவிட்டால் அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள் பற்றிய வழக்குக்கு அங்கே கட்டணமில்லை. அறுத்த ஒயரையும் பிளக்கையும் பெட்டியோடு பத்திரமாக வைத்திருக்கிறேன். இதே போன்ற ராடு உங்கள் வீட்டில் இருந்தால், பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரில் கை வையுங்கள்.