டெஸ்ட் ஏன் இழுக்கிறது? பிளேரைட்டின் டிரேஸ் வியூவரைத் திறந்து பாருங்கள்

தானியங்கி டெஸ்ட்டுகள் இழுக்க ஆரம்பித்ததும் டீமில் முதலில் எழும் கோரிக்கை பெரிய மெஷின், இல்லையென்றால் கூடுதல் வொர்க்கர் (டெஸ்ட்டுகளை ஒரே நேரத்தில் பிரித்து ஓட்டும் தனித்தனி புராசஸ்). அதற்குக் காசு செலவழிக்கும் முன் டிரேஸ் வியூவரை ஒரு தடவை திறந்து பாருங்கள். வெப் பக்கங்களைப் பிரவுசரில் தானாக இயக்கிச் சோதிக்க மைக்ரோசாஃப்ட் 2020-இல் வெளியிட்ட பிளேரைட் கருவியோடு இது இலவசமாகவே வருகிறது, தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ஒவ்வொரு கிளிக், நெட்வொர்க் அழைப்பு, கன்சோல் செய்தி, அந்தந்தக் கட்டத்தில் பக்கம் இருந்த நிலை எல்லாம் ஒரே ஜிப் கோப்பில் பதிவாகும், அந்தப் பதிவுதான் டிரேஸ். எந்தச் செயலுக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது அதன் பக்கத்திலேயே தெரியும்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பலரும் வைத்திருக்கும் அமைப்பு 'ஆன் ஃபர்ஸ்ட் ரீட்ரை', அதாவது டெஸ்ட் தோற்று மறுபடி ஓடும்போது மட்டும்தான் பதிவு நடக்கும். மெதுவாக ஓடி ஜெயித்துவிடுகிற டெஸ்ட்டுக்கு டிரேஸே இருக்காது! நாம் தேடுவது அந்த டெஸ்ட்டைத்தானே. அதனால் சந்தேகப்படும் ஃபைலை மட்டும் தனியாக எடுத்து, டிரேஸை 'ஆன்' என்று வைத்து ஓட்டுங்கள். மொத்தத்துக்கும் எப்போதும் 'ஆன்' வைத்தால் பதிவு செய்யும் வேலையே சுமையாகி எல்லாம் இன்னும் மெதுவாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது லாக் டேப். பிளேரைட் கிளிக் செய்வதற்கு முன் அந்தப் பட்டன் கண்ணுக்குத் தெரிகிறதா, அசையாமல் நிற்கிறதா, இயங்கும் நிலையில் இருக்கிறதா, வேறு ஏதாவது அதை மறைக்கிறதா என்று பார்த்துக்கொண்டே காத்திருக்கும். இந்தக் காத்திருப்பு டெஸ்ட் நிரலில் எங்கேயும் எழுதப்பட்டிருக்காது, லாக் டேபில்தான் வரி வரியாகத் தெரியும். மெனு மெல்ல சறுக்கி வரும் அனிமேஷனாக இருந்தால் அது நிற்கும் வரை கிளிக் நடக்காது, லோடிங் திரை ஒன்று மேலே கிடந்தால் அது விலகும் வரை நடக்காது, இப்படி ஒவ்வொரு கிளிக்கிலும் அரை நொடி போனால் நூற்றுக்கணக்கான கிளிக்குகளில் எவ்வளவு போகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். டெஸ்ட் சூழலில் அனிமேஷனை நிறுத்திவிட்டாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

யாரோ அவசரத்துக்குப் போட்டுவிட்டுப் போன 'மூன்று நொடி காத்திரு' மாதிரியான வரிகளும் டைம்லைனில் நீளமாகத் தனித்துத் தெரியும். அவற்றை எடுத்துவிட்டு, திரையில் என்ன வர வேண்டுமோ அதற்குக் காத்திருக்கும் சோதனையை வையுங்கள். 'நெட்வொர்க் ஐடில்', அதாவது நெட்வொர்க் அமைதியாகும் வரை காத்திருப்பது, இன்னும் மோசம்: 500 மில்லிசெகண்ட் எந்த நெட்வொர்க் போக்குவரத்தும் இல்லாதபோதுதான் அது முடியும், பின்னணியில் விடாமல் சர்வரைக் கேட்டுக்கொண்டிருக்கும் பக்கத்தில் அந்த அமைதி வராமலே போகலாம். அப்புறம் லாகின். நாலைந்து டிரேஸ்களைத் திறந்து பார்த்து எல்லாமே லாகின் பக்கத்தில்தான் தொடங்குகின்றன என்றால், ஒரு முறை லாகின் செய்து அந்த நிலையைச் சேமித்து மற்ற டெஸ்ட்டுகளுக்குக் கொடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள், நேரம் சட்டென்று குறையும்.

சரி, குறைகள். ஒரு டிரேஸ் என்பது ஒரே டெஸ்ட்டின் கதை. இருநூறு டெஸ்ட்டுகளில் பொதுவாக எது நேரத்தைத் தின்கிறது என்று இது சேர்த்துக் காட்டாது, ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும், இது உண்மையிலேயே அலுப்பான வேலை. ஏபிஐ பதில் தாமதமாக வந்தது என்பது வரை நெட்வொர்க் டேபில் தெரியும், சர்வருக்குள் எந்த டேட்டாபேஸ் கேள்வி தாமதித்தது என்பதற்கு வேறு கருவிதான்.

மெஷின் திணறுகிறதா என்பதையும் இது நேரடியாகச் சொல்லாது. குறிப்பிட்ட ஒரு இடம் என்று இல்லாமல் எல்லாச் செயல்களுமே சீராக நீண்டிருந்தால், வொர்க்கர் எண்ணிக்கையைப் பாருங்கள். நாம் எதுவும் சொல்லாவிட்டால் பிளேரைட் சிபியு கோர்களில் பாதி அளவுக்கு வொர்க்கர்களை ஓட்டும், கோடு மாறும்போதெல்லாம் டெஸ்ட்டுகளைத் தானாக ஓட்டும் சிறிய சிஐ மெஷினில் அதுவே அதிகமாகிவிடலாம். அங்கே வொர்க்கரைக் குறைத்துவிட்டு, டெஸ்ட்டுகளை ஷார்ட்களாக (shard, அதாவது தனித்தனிப் பகுதிகளாக) பிரித்துப் பல மெஷின்களில் ஓட்டுவதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. பெரிய மெஷின் பற்றிய பேச்சை அந்தக் கட்டத்தில் எடுத்தால் போதும்.