நான்காம் வகுப்புப் பின்னத்தை வைத்து ஒரு சோதனை: தேசியப் பாடத்திட்டங்கள் மதிப்புரை

எட்டு முடிந்து ஒன்பது நடக்கும் குழந்தைக்குப் பின்னம் சொல்லித்தர வேண்டும். இந்த ஒரே வேலையைக் கையில் வைத்துக்கொண்டு சில நாடுகளின் தேசியப் பாடத்திட்டங்களைத் திறந்து பார்க்கலாம். எல்லாமே இணையத்தில் இலவசம். முன்னுரையைப் படித்து மதிப்பெண் போடுவதில் பயனில்லை. 'சிந்திக்கும் மாணவர்', 'வாழ்நாள் கற்றல்' என்று எல்லா நாடும் அங்கே ஒரே பாட்டைத்தான் பாடுகிறது. திங்கட்கிழமை முதல் பாடவேளைக்கு உள்ளே என்ன கிடைக்கிறது, கிடைக்காததை யார் உட்கார்ந்து எழுத வேண்டும் என்பதே இங்கே அளவுகோல்.

தளமாகப் பார்த்தால் ஆஸ்திரேலியாவின் 9.0 பதிப்புதான் கையாள எளிது. 2022 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது இது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு குறியீடு உண்டு. 'ஏசி9எம்4என்03' என்பதைப் பிரித்தால் ஆஸ்திரேலியப் பாடத்திட்டம், 9-ஆம் பதிப்பு, கணிதம், 4-ஆம் ஆண்டு, எண்கள், மூன்றாவது வரி. சமான பின்னங்களைக் கண்டுபிடிப்பதும் பின்னத்தைத் தசமத்தோடு இணைப்பதும் அந்த வரியில் இருக்கின்றன. அடுத்த வரி கலப்பு பின்னம் வரை எண்ணி எண்கோட்டில் குறிக்கச் சொல்கிறது. வரியின் கீழே எடுத்துக்காட்டுகள் விரிகின்றன. புதிய ஆசிரியர்கள் சறுக்குவது இங்கேதான்: அந்த எடுத்துக்காட்டுகள் கட்டாயமல்ல. அத்தனையையும் நடத்தப் போனால் ஆண்டு போதாது.

பதிப்பு மாறியபோது குறியீட்டின் வடிவமே மாறியது. பள்ளியின் ஆண்டுத் திட்டம், வினா வங்கி, மதிப்பெண் பதிவு மென்பொருள் எல்லாம் பழைய குறியீட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. தேடி மாற்றினால் தீர்ந்துவிடாது. சில வரிகள் நீக்கப்பட்டன, சில ஒன்றாக்கப்பட்டன. வரிவரியாக உட்கார்ந்துதான் ஒப்பிட வேண்டும். இன்னொன்று: நியூ சவுத் வேல்ஸ் ஆசிரியர் இந்தத் தளத்தை வைத்துப் பாடக்குறிப்பு எழுதக்கூடாது. அவருக்கு மாநிலத்தின் சொந்தப் பாடத்திட்டம் இருக்கிறது. 'தேசிய' என்ற சொல்லைக் கூட்டாட்சி நாடுகளில் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

இங்கிலாந்தின் 2014 பாடத்திட்டம் அழகில்லாதது, ஆனால் துல்லியமானது. ஒரே பகுதி (பின்னத்தின் கீழ் எண்) உள்ள பின்னங்களைக் கூட்டு, கழி. நூறில் ஒன்று, நூறில் இரண்டு என்று எண்ணு. சமான பின்னக் குடும்பங்களைப் படம் வரைந்து காட்டு. 4-ஆம் ஆண்டுக்கு இவ்வளவு என்று எல்லை தெரிகிறது. ஆனால் இந்தத் துல்லியம் ஆங்கிலம், கணிதம், அறிவியலோடு நின்றுவிடுகிறது. தொடக்கப்பள்ளி ஓவியப் பாடத்துக்கு மொத்தமே இரண்டு பக்கம்தான். பின்னத்துக்கு எத்தனை பாடவேளை, எதற்குப் பின் எது என்பதும் இல்லை. சந்தையில் விற்கும் பாடத் தொகுப்புகள் நிரப்புவது அந்த வெற்றிடத்தைத்தான்.

இதன் பெரிய குறை உள்ளடக்கத்தில் இல்லை, அமலாக்கத்தில். 2013 செப்டம்பரில் வெளியீடு, 2014 செப்டம்பரில் வகுப்பறை. 1, 3, 4, 5-ஆம் ஆண்டுகள் ஒரே நாளில் மாறின. ஆங்கிலம், கணிதம், அறிவியலில் 2-ஆம், 6-ஆம் ஆண்டுகளுக்கு மட்டும் ஓராண்டு அவகாசம் கிடைத்தது. அதுவரை முன்னேற்றத்தை அளந்த 'நிலை' எண்களும் அதே வீச்சில் நீக்கப்பட்டன. பதிலுக்கு எப்படி அளப்பது என்பது ஒவ்வொரு பள்ளியின் தலையில் விழுந்தது. 2016-இல் 6-ஆம் ஆண்டுத் தேர்வு எழுதிய குழந்தைகள் புதிய பாடத்தை இரண்டே ஆண்டுகள் படித்தவர்கள். 4-ஆம் ஆண்டுக்குப் புதிதாக வைத்த 12×12 வாய்ப்பாட்டை அவர்கள் 4-ஆம் ஆண்டில் பார்த்ததே இல்லை. வாசிப்பு, எழுத்து, கணிதம் மூன்றிலும் எதிர்பார்த்த தரத்தை எட்டியவர்கள் 2015-இல் 80 சதவீதம், 2016-இல் 53 சதவீதம். இரண்டு எண்ணையும் ஒப்பிடக்கூடாது என்று அரசே சொன்னது. அளவுகோலும் மாறியிருந்ததால் அது நியாயம்தான். ஆனால் அந்தத் தாளைக் கையில் வாங்கிய பெற்றோருக்கு அதை விளக்கும் வேலை வகுப்பாசிரியருக்குத்தான் வந்தது.

இதே மாற்றத்தைச் சிங்கப்பூர் செய்த விதத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புதிய தொடக்கப்பள்ளிக் கணிதம் 2021-இல் முதல் வகுப்புக்கு மட்டும் வந்தது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி 2026-இல் ஆறாம் வகுப்பை எட்டுகிறது. எந்தக் குழந்தையும் நடுவழியில் வண்டி மாறவில்லை. நான்காம் வகுப்பில் கலப்பு பின்னமும் தகா பின்னமும் வருகின்றன. கூட்டல், கழித்தலில் பகுதி 12-ஐத் தாண்டக்கூடாது, ஒரு கணக்கில் இரண்டுக்கு மேல் வெவ்வேறு பகுதிகள் வரக்கூடாது. இந்த மாதிரி ஒரு வரி ஆசிரியருக்கு எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்துகிறது என்பது வினாத்தாள் எடுத்தவர்களுக்குத் தெரியும். 5/7 + 3/11 + 2/13 என்று கொடுத்துவிட்டு, பின்னம் புரியாமல் பிள்ளை தவறியதா, பெருக்கலில் களைத்துத் தவறியதா என்று முழிக்க வேண்டியதில்லை. மெதுவான ஏற்றத்துக்கு விலையும் உண்டு: முதல் ஐந்து ஆண்டும் பள்ளியில் பழையது ஒன்று, புதியது ஒன்று என இரண்டு பாடத்திட்டம் ஓடும். இரண்டு நிலையிலும் வகுப்பெடுப்பவருக்கு இரட்டைத் தயாரிப்பு.

ஸ்காட்லாந்தின் 'கரிகுலம் ஃபார் எக்ஸலன்ஸ்' 2010 முதல் அமலில் இருப்பது. 'என்னால் முடியும்' என்று குழந்தையின் வாயில் எழுதிய வாக்கியங்கள். ஒரு பொருளைச் சமமாகப் பகிர்வது, பின்னத்தின் குறியீடும் சொற்களும், எளிய பின்னம் எண்கோட்டில் எங்கே நிற்கிறது என்று 'எம்என்யூ 1-07ஏ' என்ற குறியீடு கொண்ட வரி சொல்கிறது. படிக்க இதமாக இருக்கிறது. எந்தப் பின்னம், எவ்வளவு தூரம் என்று கேட்டால் பதில் இல்லை. ஒரு நிலை என்பது சுமார் மூன்று வகுப்புகள். இதை அந்த மூன்றில் முதலாவதில் தொடங்குவதா மூன்றாவதில் முடிப்பதா என்று பள்ளிக்குப் பள்ளி வேறுபட்டது. பின்னால், 2017 வாக்கில், 'பெஞ்ச்மார்க்' (எட்ட வேண்டிய தர அளவுகோல்) ஆவணங்கள் ஒட்டுப்போடும் துணியாக வந்தன. தொகுதி, பகுதியின் வேலையை விளக்குகிறார், 1/2-க்கும் 2/4-க்கும் உள்ள சமத்தைக் காட்டுகிறார் என்ற அளவுக்கு அவற்றில்தான் தெளிவு. இன்று புதிதாகச் சேருபவர் நேரே பெஞ்ச்மார்க்கைத் திறப்பதே புத்திசாலித்தனம்.

வேல்ஸ் 2022 செப்டம்பரில் தொடங்கியது இன்னும் துணிச்சலானது. பாடங்களுக்குப் பதில் ஆறு கற்றல் துறைகள், அவற்றில் 27 'முக்கியக் கூற்றுகள்'. முன்னேற்றப் படிகள் ஏறக்குறைய 5, 8, 11, 14, 16 வயதில். நம் ஒன்பது வயதுக் குழந்தை எட்டுக்கும் பதினொன்றுக்கும் நடுவே நிற்கிறது; அந்த மூன்று ஆண்டை வகுப்புவாரியாகப் பிரிப்பது பள்ளியின் பொறுப்பு. திறமையான கணித ஆசிரியர் உள்ள பள்ளிக்கு இது வரம். ஆறு ஆசிரியர் மட்டும் உள்ள சிறு பள்ளிக்கு, பாடம் நடத்துவதோடு பாடத்திட்டம் எழுதுவதும் சேர்ந்த இரண்டாவது உத்தியோகம். பின்லாந்தும் 3 முதல் 6 வரை ஒரே தொகுப்பாகத்தான் தருகிறதே என்பார்கள். அங்கே நடுவில் நகராட்சி உட்கார்ந்து உள்ளூர்ப் பாடத்திட்டம் எழுதுகிறது, ஆசிரியர்கள் முதுகலை முடித்தவர்கள். மேடையில் பின்லாந்தை இழுப்பவர்கள் இந்த இரண்டையும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அந்த நடு அடுக்கு இல்லாமல் திறந்த பாடத்திட்டம் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா உதாரணம். 1998-இல் முதல் வகுப்புக்கு வந்த 'கரிகுலம் 2005' (2005 என்பது இலக்கு ஆண்டு) பாடத்திட்டத்தில் 66 குறிப்பான விளைவுகள், அதாவது மாணவர் எட்ட வேண்டிய இலக்குகள், இருந்தன. அவற்றைச் சுற்றி மதிப்பீட்டு அளவைகள், வீச்சுக் கூற்றுகள் என்று கலைச்சொற்களின் காடு. பாடநூலை நம்பாமல் ஆசிரியரே பொருள் திரட்ட வேண்டும் என்பது கணக்கு. நூலகமும் நகலெடுக்கும் இயந்திரமும் இருந்த பள்ளிகள் சமாளித்தன, மற்றவை திணறின. 2000-இல் மறு ஆய்வு நடந்தது. 2012 முதல் படிப்படியாக வந்த 'கேப்ஸ்' என்ற பாடத்திட்டம் நேர் எதிர்: வகுப்பு, பருவம், தலைப்பு, அதற்கு இத்தனை மணி நேரம். நான்காம் வகுப்புக் கணிதத்துக்கு வாரம் 6 மணி. பாடக்குறிப்பு எழுத இதைவிட எளிதானது கிடையாது. ஆனால் பெரும்பாலான ஆப்பிரிக்க மொழிக் குழந்தைகள் தாய்மொழி வழியிலிருந்து ஆங்கில வழிக்கு மாறிவந்ததும் இதே நான்காம் வகுப்பில்தான். கால அட்டவணை அதற்காக நின்றதில்லை. பாதியை 'ஹாஃப்' என்று சொல்லப் பழகுவதற்குள் பின்னத்துக்கு ஒதுக்கிய மணி தீர்ந்துவிடும். பின்தங்கிய வகுப்பை வைத்திருப்பவர் இந்த மணிக்கணக்கை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளாமல், அடுத்த தலைப்பிலிருந்து எதைச் சுருக்கலாம் என்று பருவத் தொடக்கத்திலேயே குறித்து வைப்பது நல்லது.

நடைமுறை ஒழுங்கில் ஜப்பானுக்கு முதலிடம் தரலாம். சுமார் பத்தாண்டுக்கு ஒருமுறை திருத்தம். கடைசித் திருத்தம் 2017 மார்ச்சில் அறிவிக்கப்பட்டு, தொடக்கப்பள்ளிக்கு 2020 ஏப்ரலில் வந்தது. இடைப்பட்ட மூன்றாண்டில் பதிப்பகங்கள் பாடநூல் எழுத வேண்டும், அமைச்சகம் அதைச் சரிபார்க்க வேண்டும், உள்ளூர்க் கல்வி வாரியங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பாடநூல் மேசைக்கு வந்த பிறகுதான் பாடத்திட்டம் வகுப்புக்குள் நுழைகிறது. அவர்களும் தவறாதவர்கள் அல்ல: 2002-இல் உள்ளடக்கத்தில் ஏறத்தாழ 30 சதவீதத்தை வெட்டி, பிறகு 2011-இல் தொடக்கப்பள்ளியில் கணிசமாகத் திரும்பச் சேர்த்தார்கள். ஆனால் வெட்டியபோதும் சேர்த்தபோதும், முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளின் கையில் புதிய புத்தகம் இருந்தது.