8×10 கேமராவுக்கு சர்வே ஸ்டாண்டு: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

லார்ஜ் ஃபார்மட் கேமராவுக்கு (8×10 அங்குலம் போன்ற பெரிய ஃபிலிமில் படமெடுப்பது) கையைக் கடிக்காத விலையில் உறுதியான ட்ரைபாட் வேண்டுமா? கேமராக் கடைக்குப் போகும் முன் சர்வே கருவி விற்கும் கடையை எட்டிப் பாருங்கள். டோட்டல் ஸ்டேஷனுக்கு (கோணமும் தூரமும் அளக்கும் சர்வே கருவி) போடும் மரக்கால் ஸ்டாண்டு 8×10 கேமராவை அசையாமல் தாங்கும். இதே வேலையைச் செய்யும் பெரிய கார்பன் ஃபைபர் ட்ரைபாடின் விலையில் இது ஒரு சிறு பங்குதான். ஆனால் வாங்கிய அன்றே கேமராவை மாட்ட முடியாது. லேத் பட்டறையில் ஒரு சின்ன வேலை இருக்கிறது.

முதலில் எடைக் கணக்கு. டியர்டார்ஃப் 8×10 மரக் கேமரா சுமார் ஐந்தரை கிலோ. கலுமெட் சி-1 மக்னீசியம் உடலிலேயே 6 கிலோவைத் தாண்டும். 300 மி.மீ. எஃப் 5.6 லென்ஸ் ஷட்டரோடு ஒரு கிலோ, ஃபிலிம் ஹோல்டர் அரை கிலோ அளவில், ஹெட் (கேமராவை ஸ்டாண்டில் பிடித்துத் திருப்பும் பாகம்) இரண்டு கிலோ. எல்லாம் சேர்ந்து பத்துக் கிலோவை ஒட்டி வந்துவிடும். ‘12 கிலோ தாங்கும்’ என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கால் சறுக்கி இறங்காது, மூட்டு உடையாது என்பதற்குத்தான் அந்த எண் உத்தரவாதம். படம் ஆடுமா ஆடாதா என்று அது சொல்வதில்லை. எஃப் 45 என்ற சிறிய லென்ஸ் துளையில் ஒன்றிரண்டு விநாடி எக்ஸ்போஷர் என்பது 8×10-இல் அன்றாடம். 300 மி.மீ. லென்ஸில் பொருளை அதன் நிஜ அளவிலேயே எடுக்க பெல்லோஸை (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையிலுள்ள மடிப்புத் துருத்தி) 600 மி.மீ. இழுக்க வேண்டும். அந்த நீளத்தில் காற்றுக்கு அது கப்பல் பாய் மாதிரி. பக்கவாட்டில் முறுக்கும் அந்த விசையைக் கால்களும் மேல்தட்டும் எப்படித் தாங்குகின்றன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கோணத்தை ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) கணக்கில் அளக்கும் கருவிகளுக்காகச் செய்தது என்பதால் சர்வே ஸ்டாண்டுகள் இந்த முறுக்கலை நன்றாகத் தாங்குகின்றன. ஐஎஸ்ஓ 12858-2 தரத்தின்படி 5.5 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஸ்டாண்டு கனரக வகை, 15 கிலோ வரையுள்ள கருவிக்கு. இலகு வகை 5 கிலோ கருவி வரைதான். ஆட்டோ லெவலுக்கு (மட்டம் பார்க்கும் கருவி) விற்கும் மெல்லிய அலுமினிய ஸ்டாண்டு பெரும்பாலும் இந்த இலகு வகை; விலை குறைவு என்று அதை எடுத்தால் 8×10-க்கு உதவாது. மரம் அல்லது ஃபைபர் கிளாஸ் கால், தட்டையான மேல்தட்டு, ஒவ்வொரு காலிலும் கிளாம்ப் திருகோடு நெம்புகோல் பூட்டும் இருக்கும் கனரக வகையைக் கேளுங்கள். மேல்தட்டு குவிந்திருக்கும் டோம் வகையில் கேமரா ஹெட் முழுதாகப் பதியாது.

இனி மரை விஷயம். உலகம் முழுக்க சர்வே ஸ்டாண்டின் நடுத்திருகு 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 மரை. கேமரா ஹெட்டின் அடியில் இருப்பது 3/8 அங்குலம், 16 மரை. பட்டறை பாஷையில் சொன்னால் ஐந்து நூல் போல்ட், மூன்று நூல் ஓட்டை (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). இரண்டையும் இணைக்கும் சின்ன பித்தளை அடாப்டர் கிடைக்கிறது. ஆனால் சர்வே ஸ்டாண்டின் மேல்தட்டு நடுவில் ஆறு செ.மீ. அளவுக்குப் பெரிய ஓட்டை உண்டு. ஹெட்டின் அடிவட்டமும் ஏறக்குறைய அதே அளவு என்பதால், அடாப்டரை மட்டும் போட்டால் ஹெட் ஓட்டையின் மேல் தொங்குகிற மாதிரி நின்று ஆடும். சர்வே ஸ்டாண்டு சரியில்லை என்று பலர் கைவிடுவதற்கு இந்த ஓட்டைதான் காரணம்.

நடுத்திருகையும் அது தொங்கும் கையையும் கழற்றி வைத்துவிட்டு இரண்டு அலுமினிய வட்டத் தட்டுகள் கடைந்து வாங்குங்கள். மேலே போவது 120 மி.மீ. விட்டம், 10 மி.மீ. கனம்; அதன் அடிப்பக்கம் ஸ்டாண்டின் ஓட்டைக்குள் இறுக்கமாக உட்காரும்படி கூடுதலாக 3 மி.மீ. படி. கீழே போவது 90 மி.மீ. விட்டம், 8 மி.மீ. கனம். இரண்டுக்கும் நடுவில் 10 மி.மீ. துளை. கீழிருந்து 3/8 போல்ட் ஒன்று கீழ் அலுமினியத் தட்டு, ஸ்டாண்டு, மேல் அலுமினியத் தட்டு எல்லாவற்றையும் ஊடுருவி ஹெட்டுக்குள் ஏறும். கழற்றிய திருகு தொலைந்து போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஸ்டாண்டை விற்கும்போது வேண்டும்.

போல்ட் நீளத்தில் கவனம் தேவை. மேல் அலுமினியத் தட்டுக்கு மேலே 8 அல்லது 9 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். ஹெட்டின் குழி ஆழத்தைக் குச்சி விட்டு அளந்துகொள்ளுங்கள். போல்ட் நீண்டுவிட்டால் குழியின் அடியில் முட்டி நிற்கும். கைக்கு இறுக்கமாகத் தெரியும், ஆனால் தட்டு லூஸாகவே இருக்கும். இன்னொன்று, கடையில் ‘இதுவும் அதேதான்’ என்று எம்10 போல்ட்டைத் தருவார்கள். அதன் விட்டம் 10 மி.மீ., நமக்கு வேண்டியது 9.5, மரை இடைவெளியும் வேறு. பலவந்தமாக ஏற்றினால் ஹெட்டின் மரை போய்விடும். 3/8 பிஎஸ்டபிள்யூ (பிரிட்டிஷ் விட்வொர்த் மரை) என்று கேட்டு வாங்கினால் 16 மரைதான் வரும், பொருந்தும்.

ஹெட்டுக்கு வருவோம். பால் ஹெட் (ஒரே உருண்டையில் எல்லாத் திசையிலும் திரும்பும் வகை) வேண்டவே வேண்டாம். பூட்டைத் தளர்த்திய நொடியில் எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் விடுபட்டு, கேமராவின் மொத்த எடையும் ஒரு பக்கமாகச் சாயும். மான்ஃப்ரோட்டோ 229 போன்ற பழைய மூன்று வழி ஹெட் செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் போதும். கேமராவின் அடியும் தட்டும் சேரும் இடத்தில் தடித்த ரப்பர் இருந்தால் அதை எடுத்துவிட்டு மெல்லிய கார்க் ஒட்டுங்கள். டார்க் ஸ்லைடை (ஃபிலிம் ஹோல்டரில் வெளிச்சத்தை மறைக்கும் தகடு) இழுக்கும்போது கேமரா திரும்பிக்கொள்வதற்குப் பல நேரம் அந்த ரப்பர்தான் காரணம்.

சர்வே ஸ்டாண்டின் கால்கள் விரிவதற்கு இடையில் தடை கிடையாது. மண்ணில் கூர்முனையை மிதித்து இறக்கிவிடலாம். டைல்ஸ் தரையில் அப்படியே வைத்தால் மூன்று காலும் விரிந்து கேமரா தரைக்கு வந்துவிடும். மூன்று கால்களையும் முக்கோணமாக இணைக்கும் சங்கிலி, அல்லது மூன்று குழி தோண்டிய பிளைவுட் தட்டு இல்லாமல் உள்ளரங்கில் இதை நிறுத்தவே கூடாது.

நாள்பட்ட உழைப்பில் மரம் எளிதில் கெடுவதில்லை. மழைக்காலத்தில் உப்பி, உள்கால் இறங்க மறுக்கும். கோடையில் சுருங்கி, கால் நுனியிலுள்ள இரும்புக் காலணியின் திருகுகள் தளரும். சட்டென்று தெரியாத ஆட்டம் பெரும்பாலும் இந்தக் காலணியிலிருந்துதான் வரும். ஆகவே பருவம் மாறும்போதெல்லாம் எல்லாத் திருகையும் ஒருமுறை இறுக்கி, பெயின்ட் போன இடத்தில் ஆளிவிதை எண்ணெய் தடவி விடுவது நல்லது. மேல் மூட்டுக்குத் தனிச் சோதனை உண்டு: கால்களை விரித்து வைத்து, தலையைப் பிடித்து ஸ்டாண்டைத் தூக்குங்கள். கால்கள் விரித்தபடியே நிற்க வேண்டும். தானாகச் சேர்ந்துகொண்டால் மூட்டுத் திருகை ஆலன் சாவியால் கொஞ்சம் இறுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் விரிக்கும்போது மரம் பிளக்கும்.

ஆட்டத்தை அளக்கத் தனிக் கருவி வேண்டாம். தூரத்துக் கட்டடத்தின் விளிம்பை கிரவுண்ட் கிளாஸில் (கேமராவின் பின்புறம் படம் தெரியும் மங்கலான கண்ணாடி) லூப் எனும் உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள், லென்ஸ் போர்டை விரலால் தட்டுங்கள். கோடு அதிர்ந்து அடங்கும் நேரத்தைவிடக் கூடுதலாகக் காத்திருந்து ஷட்டரை அழுத்துங்கள். மரக்காலில் அது அலுமினியத்தைவிடச் சீக்கிரம் அடங்குவதைக் கண்ணாலேயே காணலாம்.

குறைகளும் சின்னவை அல்ல. மடித்தாலும் நீளம் ஒரு மீட்டருக்கு மேல், ஹெட்டோடு எடை எட்டு கிலோவுக்குக் குறையாது. பஸ்ஸில் போய் வருபவர்களுக்கு ஒத்துவராது. கால் ஒரே ஒரு முறைதான் நீளும் என்பதால் தாழ்வான கோணமும் கடினம். இன்ட்ரெபிட் போன்ற ஒன்றேகால் கிலோ 4×5 கேமராவுக்கு இவ்வளவு பாரம் சுமப்பது வீண். 4×5 மோனோரெயில் (ஒற்றைத் தண்டின் மேல் நகரும் கேமரா) வைத்திருப்பவர்களுக்கு, பழைய மான்ஃப்ரோட்டோ 475 நல்ல நிலையில் கிடைத்தால் இதைவிட வசதி. நடுத்தண்டை மட்டும் உயர்த்தாமல் வைத்திருக்க வேண்டும். வாங்கும் முன் மூன்று காலையும் முழுதாக நீட்டிப் பூட்டி, மேல்தட்டை இரு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தால், மூட்டு தேய்ந்த ஸ்டாண்டு அது, விட்டுவிடுங்கள்.