கல்முனையில் வாங்கிய தேக்கு வீனியர்: நல்ல சாமான், ஆனால் கம் வேறு

கல்முனையில் ஒரு ஹாட்வெயார் கடையில் தேக்கு வீனியர், அதாவது பலகை மேல் ஒட்டுகிற மெல்லிய மரத் தாள், சுருளாகக் கிடைக்கிறது, அரை மில்லிமீற்றர் தடிப்பு, எட்டடி நீளம். கல்லடியில் எங்கள் வீட்டுப் புத்தக அலுமாரிக் கதவுகளுக்கும் ஒரு மேசைக்கும் அதைத்தான் ஒட்டினேன். பொருள் நல்லது, தாராளமாக வாங்கலாம். ஆனால் அதோடு சேர்த்துக் கடையில் எடுத்து நீட்டுகிற மஞ்சள் கொன்டாக்ட் கம்மை மட்டும் வாங்காதீர்கள்.

சுருளை விரித்துப் பார்த்தால் ரேகை நேராக ஓடுகிறது, ஓட்டை, வெடிப்பு இல்லை. எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே கட்டையில் அடுத்தடுத்துச் சீவிய தாள்களை வரிசை குலைக்காமல் வைத்திருப்பதுதான். பக்கத்துப் பக்கத்துத் தாள் இரண்டை எடுத்து, ஒன்றைப் புத்தகம் திறக்கிற மாதிரிப் புரட்டி வைத்தால் இரண்டு கதவிலும் ரேகை ஒன்றையொன்று முகம் பார்க்கும். அந்த வடிவை முழுத் தேக்குப் பலகையில் எடுக்க நினைத்தால் செலவு எங்கேயோ போய்விடும்.

சரி, கம்முக்கு வருவோம். கொன்டாக்ட் கம் உடனே பிடிக்கும், கிளாம்ப் தேவையில்லை, அதனால் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஆனால் அது காய்ந்த பிறகும் றப்பர் மாதிரி இளகியே இருக்கும், சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே இன்னும் இளகும், மேலே அடிக்கிற லக்கரில் உள்ள தின்னரும் மெல்லிய வீனியருக்குள்ளால் இறங்கி அதைக் கரைக்கும், அப்புறம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். வெள்ளை மரக் கம் போதும். பலகையிலும் வீனியரின் பின்பக்கத்திலும் மெல்லியதாகப் பூசி, பால் நிறம் போய்க் கண்ணாடி மாதிரித் தெளியும் வரை விட்டு, பிறகு வைத்து நடுவிலிருந்து ஓரத்துக்கு அயன் பண்ண வேண்டும். நடுத்தரச் சூடு, ஆவி கூடாது. அயன் நகர்ந்ததும் பின்னாலேயே ஒரு மரக்கட்டையால் அழுத்திக்கொண்டு போங்கள், சூடு ஆறும்போதுதான் கம் பிடிக்கிறது. முடிந்ததும் நகத்தால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் அந்த இடம் ஒட்டவில்லை, ரேகையோடு பிளேட்டால் கீறி, கொஞ்சம் கம் விட்டுத் திரும்ப அயன் பண்ணலாம். சூட்டில் வீனியர் கொஞ்சம் சுருங்கும் என்பதால் நாலு பக்கமும் அரை அங்குலம் கூட விட்டு வெட்டுவது அவசியம்.

இன்னொன்று, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். பலகையின் ஒரு முகத்தில் மட்டும் ஒட்டினால் கதவு வளையும். எங்கள் பக்கம் ஒரு பக்கத்தில் கடல், மறுபக்கத்தில் வாவி, கார்த்திகை மார்கழி மழையில் காற்றே ஈரம். ஒட்டாத முகம் ஈரத்தை ஒரு வேகத்தில் இழுக்கும், ஒட்டிய முகம் வேறு வேகத்தில் இழுக்கும், நடுவில் இருக்கிற எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) பாவம் என்ன செய்யும். உள்பக்கத்துக்கும் வீனியர் வேண்டும், மலிவான மரமாக இருந்தாலும் பரவாயில்லை, பொலிஷையும் இரண்டு முகத்துக்கும் ஒரே அளவில் அடியுங்கள்.

தேய்க்கும்போது 180, பிறகு 240 சாண்ட் பேப்பர், கையால் மட்டும். மெஷினை வைத்தால் அரை மில்லிமீற்றர் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும், முக்கியமாக ஓரங்களில்.

ஓரத்துக்கு அடிக்கிற, பின்னால் கம் பூசிய பட்டியும் அதே கடையில் இருக்கிறது. அது சுமார்தான், நிறம் வீனியரோடு சேரவில்லை. நான் மிஞ்சிய வீனியரிலேயே கீலம் வெட்டி ஓரத்துக்கு ஒட்டினேன், அது நன்றாக வந்தது.

கடைப் பையன்கள் பொறுமையானவர்கள், கேட்டால் சுருளைத் தரையில் விரித்தே காட்டுகிறார்கள். பாதித் தாள் வெட்டித் தர மாட்டார்கள், அது ஒரு குறை. வாங்கியதும் இறுக்கிச் சுருட்டி மோட்டார் சைக்கிளில் கட்டாதீர்கள், ரேகையோடு கிழியும், நீளமான பி.வி.சி. குழாய் ஒன்றைக் கையோடு கொண்டு போனால் அதற்குள் தளர்வாகச் செருகித் தருவார்கள்.