பீச் ரோட்டில் வாங்கிய மேகசின் பை: 18 வெள்ளிக்குப் பரவாயில்லை

ரிசர்விஸ்ட்டுக்கு, அதாவது தேசிய சேவை முடித்தவர்களுக்கான ராணுவப் பயிற்சிக்கு, போவதற்கு முந்தின வாரம் சிங்கப்பூர் பீச் ரோடு ஆர்மி மார்க்கெட்டில் ஒரு கடையில் வாங்கினேன், மேல்மூடி இல்லாத, எலாஸ்டிக் பிடிப்பு வைத்த இரட்டைப் பை, துப்பாக்கியின் மேகசின்களை (தோட்டா நிரப்பிப் பொருத்தும் பெட்டி) வைத்துக்கொள்ள. மூடியைப் பிய்த்துத் திறக்கும் வேலை இல்லாததால் மேகசின் சட்டென்று கைக்கு வருகிறது.

ஆனால் நம் ராணுவத் துப்பாக்கியான எஸ்ஏஆர் 21 பிடித்தவர்களுக்குத் தெரியும், அதில் மேகசின் பிடிக்குப் பின்னால், அக்குளை ஒட்டி இருக்கும். அமெரிக்க வீடியோக்களில் மேகசின் பிடிக்கு முன்னால் இருக்கும் ஏஆர்-15 துப்பாக்கியை வைத்து ஒரு வினாடியில் மேகசினை மாற்றுகிறார்களே, அந்தக் கையசைவு இங்கே செல்லாது. காலி மேகசினை வைத்து வீட்டில் பழகலாமே என்று கேட்காதீர்கள், அதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. கேம்ப்பில்தான் பழகினேன். கண்ணால் பார்க்காமல் பொருத்த மூன்று நாள் ஆனது.

கூட இருந்த மச்சான் ஒருத்தன் "இதெல்லாம் சீன் போடுறதுடா, 30 தோட்டாவையும் ஒழுங்கா குறிபார்த்துச் சுடு, அப்புறம் வேகத்தைப் பாரு" என்றான். பாதி உண்மை. பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் துப்பாக்கியைக்கூட உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாத ஊரில் நாமெல்லாம் டேக்டிகல் கையுறை வாங்குவது எனக்கே கொஞ்சம் சிரிப்புத்தான். (நானும் வாங்கினேன்.)

குறை: மழையில் ஊறியதும் எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, குப்புறப் படுத்து ஊர்ந்தபோது ஒரு மேகசின் சேற்றில் விழுந்தது. சார்ஜண்ட் பார்த்த பார்வை இருக்கிறதே! இப்போது ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருக்கிறேன்.